மகா எலியவுக்கு ஒரு சுற்றுலாத் திட்டம்

2018ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம், நாம் கற்பிக்கும் மலையகப் பாடசாலையின் பதினோராம் வகுப்பு மாணாக்கரை ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்குச் சுற்றுலா அழைத்துச் செல்வதென்று ஆசிரியர் கூட்டத்தில் முடிவாயிற்று. தமிழோடு சரித்திரத்தையும் கற்பிப்பவர் நாம் என்பதனால் திட்டம் வகுக்கும் பொறுப்பு எம் தலையில் விழுந்தது. இத்தகைய திட்டத்தை எவ்வாறு எழுதுவதென்பது ஆசிரியர் எவருக்கும் தெரிந்ததே. அதிகாலை நாலு மணிக்குப் பஸ், ஆறு மணிக்கு வாயில், மூடுபனி ஏறுமுன்னர் 'உலக முடிவு', பின்னர் பேக்கர் நீர்வீழ்ச்சி, மதிய உணவு, திரும்பும் வழியில் அம்பேவலப் பாற்பண்ணை. இவற்றின் கீழே, மாணாக்கரின் அறிவு விருத்திக்கென நாலு வரிச் சரித்திரம். அந்த நாலு வரியையும் நாம் இவ்வாறு எழுதியிருந்தோம்: 1834இல் வேட்டைக்குச் சென்ற பிரித்தானியப் படை அதிகாரிகள் இருவரால் இச்சமவெளி கண்டுபிடிக்கப்பட்டது, அக்காலத் தேசாதிபதியாகிய சேர் றொபேட் வில்மட் ஹோட்டனின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டது, இதன் பழைய பெயர் மகா எலிய.

தாளை வகுப்பில் வாசித்து முடித்ததும் மாணவி ஒருத்தி எழுந்தாள்.

"சேர், பழைய பேருன்னு ஒன்னு இருந்திச்சின்னா, அந்தப் பேர வச்சவங்க அதுக்கு முந்தியே அங்க போயிருக்கணுமே. அப்புறம் எப்படி இவங்க கண்டுபிடிச்சாங்க?"

வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆயின் அன்றிரவு அந்தத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. பேராதனையில் நான்கு ஆண்டுகள் படித்து, ஏகாதிபத்தியத்தைப் பற்றி மேடைகளிலும் முழங்கி வந்த நாம், ஏகாதிபத்தியத்தின் வசனத்தையே எழுத்துப் பிசகாமற் பெயர்த்தெழுதிப் பிள்ளைகளின் கையிற் கொடுத்திருந்தோம்.

'எலிய' என்னும் சிங்களச் சொல் வெளிச்சத்தையும் வெட்டவெளியையும் குறிக்கும். நுவரெலியாவில் நிற்கும் எலியவும் அதுவே. அடர்ந்த மலைக்காட்டினூடே நாட்கணக்காக ஏறி வந்த ஒருவன், மரங்கள் திடீரென விலக, வானமும் புல்லும் மட்டுமே எஞ்சிய ஒரு பரப்பிற் காலடி வைத்த கணத்தை அப்பெயர் இன்னும் வைத்திருக்கின்றது. அந்த ஒருவன் 1834இல் வந்தவனல்லன். பலாங்கொடைப் பண்பாடு என்று தொல்லியலார் வழங்கும் கற்கால மக்களின் கல்லாயுதங்கள் இச்சமவெளியிற் கிடைத்துள்ளன. பிற்காலத்தில் கீழ்நாட்டு ஊரவர் மணிக்கல் தேடியும், இரும்புத் தாது எடுக்கவும், மரம் வெட்டவும் இங்கு ஏறியிருக்கின்றனர். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலே, தை மாசிக் காலைகளிற் புல் நுனியில் உறைபனி படியும் இவ்விடத்தில் அவர்கள் ஊர் அமைத்துக் குடியிருக்கவில்லை என்பது உண்மையே. ஊர் இல்லாத இடம் எவரும் அறியாத இடம் என்று கணக்கெழுதியவர் வேறு ஆட்கள்.

பெயர் தந்த தேசாதிபதி யார் என்று தேடினோம். வில்மட் ஹோட்டன் 1831 முதல் 1837 வரை இலங்கையை ஆண்டவர். கவிஞன் பைரனின் மைத்துன முறையினர். இவருடைய மனைவியை ஒரு விருந்திற் கண்ட பின்னரே பைரன் தன் புகழ்பெற்ற சிறு கவிதை ஒன்றைப் பாடினான் என்று ஆங்கில இலக்கியம் கற்றோர் கூறுவர். கவிதையை விட எமக்கு முக்கியமாகப்பட்டது வேறொரு செய்தி. இலங்கைக்கு வருமுன்னர் குடியேற்ற நாடுகளின் அலுவலகத்தில் உதவிச் செயலாளராக இருந்த இவர், பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் உள்ள வறியவர்களை 'மிகுதியான சனத்தொகை' என்று கணித்து, அவர்களை அரசாங்கச் செலவிற் கப்பலேற்றி அப்பால் அனுப்புவதே வறுமைக்கு மருந்து என்று ஓயாது வாதிட்டவர். 1823இலும் 1825இலும் அயர்லாந்தின் தென்பகுதியிலிருந்து இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் கனடாவுக்கு அவ்வாறு ஏற்றப்பட்டனர். வறியவர்களை மண்வெட்டியால் அள்ளி எறியும் திட்டம் என்று அவர் நாட்டவரே பின்னர் அதனைப் பழித்தனர். ஏழை மக்களை ஒரு கரையில் அள்ளி மறு கரையிற் கொட்டலாம் என்று எண்ணிய ஒருவரின் பெயர், அவ்வாறே அள்ளிக் கொட்டப்பட்ட ஒரு மக்களின் தலைக்கு மேலேயுள்ள மலைக்கு வாய்த்திருப்பது தற்செயல்தான். ஆயினும் சரித்திரத்தின் தற்செயல்கள் சில வேளைகளில் நன்றாகவே குறி பார்க்கின்றன.

அவருடைய காலத்திலேயே இராசகாரியம் ஒழிக்கப்பட்டது, அது 1832. 1835இல் இலங்கைக் கோப்பிக்கும் மேற்கிந்தியக் கோப்பிக்கும் பிரித்தானியாவில் ஒரே இறக்குமதி வரி என்றாயிற்று. இவ்விரண்டும் நடந்ததும் மலைநாட்டுக் காடுகளின் மேல் மூலதனத்தின் பார்வை திரும்பியது. மீதியைச் சட்டம் செய்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தைச் சரித்திர மாணவன் ஒருமுறையேனும் முழுமையாக வாசித்தல் வேண்டும். காடுகள், வெறுநிலங்கள், குடியிராத நிலங்கள், பயிரிடப்படாத நிலங்கள் யாவும், மறுதலையாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்குரியவை. நிரூபிக்க வேண்டிய பாரம் கிராமத்தவன் தலையில். சேனைக் காட்டுக்கும் மேய்ச்சற் புல்லுக்கும் அவன் எங்கிருந்து உறுதி கொண்டு வருவான்? இவ்வாறு முடிக்குரியதான நிலம் தொடக்கத்தில் ஏக்கர் ஐந்து சிலிங்குக்கு விற்கப்பட்டது. வாங்கியவர் வரிசையிலே தேசாதிபதி தொடக்கம் படையதிகாரி, நீதிபதி, பாதிரியார் வரை இருந்தனர். சட்டம் இயற்றியவரும் காணி வாங்கியவரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்த காலம் அது.

உச்சியிலிருந்த சமவெளி அவர்களுக்கு வேறொரு வகையிற் பயன்பட்டது. 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர், நாய்க்கூட்டத்தை ஏவி இப்புல்வெளிகளில் மரைகளை விரட்டி, கத்தியாற் குத்திக் கொன்றார். அதனை இரண்டு நூல்களில் மிகுந்த பெருமிதத்தோடு விவரித்தும் இருக்கின்றார். நீர்வீழ்ச்சிக்குப் பெயர் இவருடையதே. பதுளையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த மேஜர் றொஜர்ஸ் என்பவர் ஆயிரத்து நானூறு யானைகள் வரை சுட்டுக் கொன்றதாகக் கணக்குச் சொல்வர்; 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். யானையைக் கொன்றவனுக்கு அரசாங்கமே பரிசுப் பணம் கொடுத்த நாட்கள் அவை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியோடு இச்சமவெளியில் யானை என்பதே அற்றுப் போயிற்று. வேட்டைக்காரர் தங்கிய 'பார் இன்' என்னும் விடுதி, தோமஸ் பார் என்ற தோட்டத்துரையின் பெயரைத் தாங்கி, இப்பொழுது பார்வையாளர் நிலையமாக நிற்கின்றது. ஓடைகளிலே தூண்டில் விளையாட்டுக்கென்று அவர்கள் விட்ட ட்றவுட் மீன் இன்றும் நீந்துகின்றது. அவர்கள் கொண்டுவந்த மஞ்சட்பூ முட்செடியொன்று பத்தனைப் புல்லைத் தின்று பரவுகின்றது. அதனைப் பிடுங்குவதற்கு இப்போது ஆள் வைக்க வேண்டியிருக்கின்றது.

அப்படியானால் இந்தக் காடு எவ்வாறு தப்பியது? இந்தக் கேள்விக்கு விடை தேடியபோதுதான் எமது நாலு வரி முற்றாகக் கிழிந்தது. 1873இல், இலண்டன் கியூ தாவரத் தோட்டத்தின் தலைவர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டாது விடுமாறு குடியேற்ற அரசாங்கத்துக்கு ஆலோசனை கூறினார். அதன்படி ஆணையும் பிறந்தது. நல்ல ஆலோசனைதான், அதனை மறுப்பதற்கில்லை. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் நீர் ஊட்டும் ஓடைகள் இச்சமவெளியிற் பிறக்கின்றன. இந்தப் பஞ்சு போன்ற கரிய மண் மழையை உறிஞ்சி வைத்துச் சிறிது சிறிதாக விடாதிருந்தால் கீழேயுள்ள வயல்களின் கதி என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆயின் அந்த ஆலோசனை எப்போது தேவைப்பட்டது என்பதைக் கவனித்தல் வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மலைகளை மொட்டையடித்த பின்னர், மண் சரிந்து ஓடைகள் வற்றத் தொடங்கிய பின்னர், 1869இல் கோப்பி இலைகளில் நோய் கண்ட பின்னர் அது வந்தது. ஆணையும் எல்லாவிடத்தும் செல்லவில்லை. 6,000 அடியிலும் தேயிலை நிற்பதை நுவரெலியா வீதியில் எவரும் காணலாம். இந்தப் பூங்காவின் எல்லைக் கோட்டைக் கீறியது வெட்டப்படாத காட்டின் அழகு என்று நாம் எண்ணிக்கொள்கின்றோம். வெட்டப்பட்ட காட்டின் அழிவும் அக்கோட்டைக் கீறியது.

தேசியப் பூங்கா என்னும் எண்ணம் அமெரிக்காவில் 1872இல் யெலோஸ்ரோனோடு உருவாயிற்று. அங்கே மனிதனற்ற இயற்கையை உண்டாக்குவதற்காக ஷொஷோனி முதலிய பழங்குடி மக்களை அகற்ற வேண்டியிருந்தது. எமது சமவெளியில் அப்படி ஒருவரையும் பிடித்துத் தள்ளவில்லை. அதைச் சொல்வதே நேர்மை. 1969இல் இது சரணாலயமாகவும் 1988இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனம் பெற்றபோது உள்ளே குடியிருந்தோர் எவருமில்லை. நிலம் பறிபோனது கீழே, ஒரு நூற்றாண்டுக்கு முன்னர். 2010இல் மத்திய மலைநாடு உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியபோது இந்த 3,160 ஹெக்டயரும் அதிற் சேர்ந்தது. மரபுரிமை என்றால் யாருடைய மரபு, யாருக்கு உரிமை என்று மாணவர் கேட்டால் விடை சொல்வதற்கு நாம் ஆயத்தமாயிருக்க வேண்டுமென்று அன்று குறித்துக்கொண்டோம்.

போக்குவரத்துப் பற்றியும் கூட்டத்திலே ஒரு வாதம் நடந்தது. புகையிரதத்தில் ஒகியாவுக்குச் சென்று அங்கிருந்து ஏறுவதா, பட்டிப்பொல வழியே பஸ்ஸிற் செல்வதா? செலவு கருதிப் பஸ் வென்றது. எனினும் அந்தப் புகையிரதப் பாதையைப் பற்றி நாலு வரியில் ஒரு சொல்லும் இல்லாதது எமக்கு உறுத்தியது. 1867இல் கண்டியை அடைந்த இருப்புப் பாதை, 1885இல் நானுஓயாவுக்கும், 1893இல் அப்புத்தளைக்கும் ஏறியது. அந்த எட்டு ஆண்டுகளில் வெட்டப்பட்டதே இச்சமவெளியின் தோளைத் தழுவிச் செல்லும் பகுதி. நாட்டின் மிக உயர்ந்த புகையிரத நிலையமாகிய பட்டிப்பொல அப்பகுதியிலேயே நிற்கின்றது. அதற்கும் ஒகியாவுக்கும் இடையே மலையுச்சிச் சுரங்கம். காட்சி பார்ப்பதற்காக அமைத்த பாதையன்று அது. தேயிலைப் பெட்டியைத் துறைமுகத்துக்கு இறக்கவும், அரிசி மூட்டையையும் ஆளையும் மலைக்கு ஏற்றவும் அமைத்தது. மலைக் கல்லை உடைத்தவரும், மண் சுமந்தவரும் திருச்சி, தஞ்சை, மதுரை, சேலம், இராமநாதபுரம் மாவட்டங்களிலிருந்து வந்த தமிழ் உழைப்பாளர். அவர்களுடைய முன்னோர் புகையிரதம் காணாத காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தே வந்தவர்கள். கொலராவிலும் காய்ச்சலிலும் வழியில் விழுந்தவர்களின் தொகை பற்றி அக்காலத்துப் பத்திரிகைகளிலேயே சர்ச்சை நடந்தது. கோப்பிக் காலத்தில் அறுவடைக்கு வந்து ஊர் திரும்பினர். தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்து விடும் பயிர். அது அவர்களைக் குடும்பத்தோடு லயங்களிற் கட்டிப் போட்டது. 1876 முதல் 78 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற பெரும் பஞ்சம் ஆளணிக்குக் குறைவில்லாமற் செய்தது.

இங்கே எம்மைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். நாம் யாழ்ப்பாணத்திற் பிறந்தவர். ஏ-9 வீதி திறந்த மறுவருடம், 2003இல், பாடசாலைச் சுற்றுலாவில் இதே சமவெளிக்கு வந்தோம். பஸ் முழுவதும் பாட்டும் கூத்துமாக இருந்தது. தேயிலை மலைகளைக் கண்டதும் 'என்ன பச்சை' என்று கூவினோம். அந்தப் பச்சையினுள்ளே கூடை சுமந்து நின்றோர் பேசியது எமது மொழிதான் என்ற நினைவு ஒருவருக்கும் வந்ததாக ஞாபகமில்லை. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் இலட்சக்கணக்கான இம்மக்களை நாடற்றவராக்கியபோது, அமைச்சரவையில் வடக்குத் தமிழரும் இருந்தனர் என்பதைப் பின்னர்தான் படித்தோம். குறிஞ்சித் திணையைப் பரீட்சைக்காகப் பாடம் செய்தவர்கள் நாம். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் அந்தக் குறிஞ்சியின் இனத்துச் செடிகள் இச்சமவெளிக் காட்டோரங்களில் 'நெலு' என்ற பெயரோடு நிற்பதையும் அன்று யாரும் எமக்குக் காட்டவில்லை. 2013இல் அவை பூத்தபோது செய்தித்தாளிற் படம் பார்த்துத்தான் அறிந்தோம்.

இனிப் பணம். பஸ், உணவு, நுழைவுச்சீட்டு எல்லாம் சேர்த்து ஆளுக்குத் தொள்ளாயிரம் ரூபா என்று கணக்கிட்டோம். நாற்பத்துமூன்று மாணாக்கரில் பதினேழு பேர் கட்டவில்லை. அப்போது நடைமுறையிலிருந்த 2016ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தப்படி தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 500 ரூபா. வரவுக்கு 60, உற்பத்திக்கு 140, விலைப்பங்கு 30 எனச் சேர்த்தால் 730. மாதத்தில் முக்கால் பங்கு நாட்கள் வேலைக்கு வராதவருக்கு வரவுக் கொடுப்பனவு இல்லை. கொழுந்து நிறை குறைந்தால் உற்பத்திக் கொடுப்பனவும் இல்லை. மழையும் அட்டையும் நோயும் அந்த ஒப்பந்தத்திற் கையொப்பமிடவில்லை. ஆகவே ஒரு பிள்ளை அந்த மலையைப் பார்ப்பதற்குத் தாய் ஏறத்தாழ இரண்டு நாள் கொழுந்து பறித்தாக வேண்டும். பஸ்ஸில் இரண்டரை மணி நேரத் தூரத்திலுள்ள சமவெளியை அந்த வகுப்பில் முன்பு பார்த்திருந்தோர் இருவர் மட்டுமே. அவர்களிலும் ஒருவனுடைய தந்தை கடைக்காரர். ஆசிரியர்கள் தமக்குள் ஒரு தொகை சேர்த்தோம். பழைய மாணவர் சிலர் மீதியைக் கொடுத்தனர். இதனைப் பெருமையாகச் சொல்லவில்லை. அடுத்த வகுப்புக்கு யார் சேர்ப்பது என்பது அப்படியேதான் இருந்தது.

பணம் கட்டாதோர் வீடுகளுக்குச் சென்றபோது, கேள்வி கேட்ட அந்த மாணவியின் லயத்துக்கும் போனோம். வாசலில் அவளுடைய அம்மாயி இருந்தார். எழுபதைக் கடந்தவர். எந்த இடத்துக்குப் பயணம் என்று விசாரித்தார். ஹோட்டன் சமவெளி என்றோம், விளங்கவில்லை. மகா எலிய என்றோம், அதுவும் விளங்கவில்லை. ஒகியாவுக்கு மேலே, பனிக் காடு, பெரிய புல்வெளி என்று பேத்தி சொன்னாள்.

"அதா! கெழங்குக் காடுன்னு சொல்லுங்க. அங்கதானே நான் கெழங்கு நட்டேன்."

1960களில் அச்சமவெளியின் பத்தனைப் புல்லை உழுது உருளைக்கிழங்கு பயிரிட்டார்கள் என்பது நூல்களில் ஒரே வரியாக வரும் செய்தி. கைவிடப்பட்ட அந்த வயல்களில் இன்றைக்கு மரைகள் மேய்கின்றன. அங்கே நட்ட கை ஒன்றை நாம் அதற்குமுன் கண்டதில்லை. விடியுமுன் ஒகியாப் பக்கமிருந்து ஏறியதாகவும், கிழங்கு கிளறும்போது விரல் விறைத்து நெருப்பில் காட்டினாலும் சூடு தெரியாதென்றும் அவர் சொன்னார். மரைகள் அருகில் வந்து நின்று பார்க்குமாம். 'உலக முடிவு' பார்த்தீர்களா என்று கேட்டோம். வேலை முடிந்து இறங்கவே நேரம் சரியாயிருக்கும், பாதாளத்தை எட்டிப் பார்க்க யார் விட்டார்கள் என்றார். அவருடைய அண்ணன்மார் இருவரும் 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் கீழ் இந்தியாவுக்கு எழுதப்பட்டவர்கள். ஐந்தேகால் இலட்சம் பேர் அங்கே, மூன்று இலட்சம் பேர் இங்கே, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பின்னர் பேசலாம் என்று இரு நாட்டுப் பிரதமர்களும் தீர்மானித்த ஒப்பந்தம் அது. தம்முடைய சனம் வெட்டிய அதே பாதையில், அதே கோச்சியில், அண்ணன்மார் தலைமன்னாருக்கு இறங்கிப் போனார்கள். இவர் நிலையத்தில் நின்று வழியனுப்பினார்.

அன்றிரவு திட்டத்தைப் புதிதாக எழுதினோம். நாலு வரி ஏழு பக்கமாயிற்று. தலைப்பில் மகா எலிய என்றும், அடைப்புக்குறியுள் ஹோட்டன் சமவெளி என்றும் போட்டோம். கிழங்குக் காடு என்ற பெயரையும் சேர்த்தோம். நிகழ்ச்சி நிரலில் அம்பேவலப் பாற்பண்ணை விழுந்தது. அதற்குப் பதிலாகப் பட்டிப்பொல நிலையத்தில் அரை மணி நேரம். பொலித்தீன் பையை வாயிலில் வாங்கி வைத்து விடுவார்களாகையால் ரொட்டியை வாழையிலையிற் சுற்றி வருமாறு எழுதினோம். 'உலக முடிவில்' நின்று பார்க்க வேண்டியவை என்று ஒரு பந்தி: எண்ணூறு மீற்றருக்கு மேற்பட்ட செங்குத்துப் பள்ளம், தூரத்தில் சமனலவெவ நீர்த்தேக்கம், நேர் கீழே நொன்பரேல் தேயிலைத் தோட்டம், அதன் லயங்களின் கூரைகள். கூரைகளை எண்ணி வரும்படி மாணாக்கருக்கு வேலை கொடுத்தோம்.

அம்மாயியையும் அழைத்தோம். சுற்றுப்பாதை ஒன்பதரைக் கிலோமீற்றர். அவர் நடக்க மாட்டார். ஆகவே பழைய வேட்டை விடுதியின் திண்ணையில் அமர்ந்து புல்வெளியைப் பார்த்திருக்கலாம் என்று ஏற்பாடு. வருவதாக ஒப்புக்கொண்டவர், நாம் படியிறங்கும்போது பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"சேர், உள்ள போறதுக்கு நாம காசு குடுக்கணுமா, அவங்க குடுப்பாங்களா? முந்தி எனக்கு ரெண்டு ரூவாக்கு மேல குடுத்தாங்க."

நாம்தான் கொடுக்க வேண்டும் என்றோம். பட்டியலில் நாற்பத்துநாலாவதாக அவருடைய பெயரை எழுதிக்கொண்டோம்.